ஒன்பது குளிரறைக் கதவுகள்

பெயரும் விலாசமும் தனித்தாளில் கொடுத்துள்ளேன். வயது நாற்பத்தாறு. பல நாடுகளில் கிளை உள்ள துரித உணவு நிறுவனத்தில் குளிரறை மெக்கானிக். ஒன்பது கிளைகளில் குளிரறைக் கதவுகளைக் கழற்றியதாக என்மீது புகார். கழற்றியது நான்தான்.

எந்த நாட்டில் கடை திறந்தாலும் எங்களுக்கு வரைபடம் ஒன்றே. கண்ணைக் கட்டி விட்டாலும் அடுப்பிலிருந்து பன்னிரண்டு எட்டில் குளிரறைக்குப் போய்விடுவேன். முதல் கிளையில் என் மனைவியும் வேலை பார்த்தாள். அங்கே குளிரறையின் உட்புறக் கைப்பிடி உடைந்திருந்தது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று மூன்று வாரம் ஓட்டிவிட்டேன். அதுவரை, உள்ளே போகிறவர் "உள்ளே" என்று குரல் கொடுப்பதும், திரும்பி வந்து "வெளியே" என்று சொன்ன பிறகே மற்றவர் தாழிடுவதும் வழக்கம்.

சம்பவத்தன்று மதியம் நல்ல கூட்டம், நானும் அடுப்பில் கைகொடுத்தேன். அவள் "உள்ளே" என்று சொல்லி உருளைக்கிழங்கு எடுக்கப் போனாள். அதன் பிறகு அடுப்பு மணி அடித்தது. அதன் பிறகு பழக்க தோஷத்தில் "வெளியே" என்று நானே சொல்லிக்கொண்டு தாழிட்டேன். அதன் பிறகு நாற்பது நிமிடம் கழித்து நினைவு வந்து திறந்தபோது அவள் இல்லை. மூன்றாம் தட்டில் அவளுடைய கையுறைகள் இருந்தன. அந்த அறைக்கு வேறு வழி கிடையாது. விசாரணையில், அவளே சொல்லிவிட்டு வெளியே வந்தாள் என்றேன். பயத்தில் சொன்ன பொய். வீட்டைவிட்டுப் போய்விட்டாள் என்று வழக்கை மூடினார்கள். என் மாமியார் இன்றும் வாசல் விளக்கை அணைப்பதில்லை.

அதன் பிறகு நிறுவனம் மளமளவென்று வளர்ந்தது. சரக்கு வருமுன் காலி அறையில் குளிரை ஓட்டிப் பார்ப்பது என் வேலை. ஒன்பது புதுக் கிளைகளிலும் உள்ளேயிருந்து, "ஏங்க, கை மரத்துப்போச்சு, திறங்க" என்றாள். திறந்தால் ஆளில்லை, கையுறைகள்தான். ஒன்பது ஜோடியையும் ஒப்படைத்துள்ளேன். ஒவ்வொன்றிலும் இடது கட்டைவிரலில், அவள் கையுறை கிழிந்தபோது நான் கோணலாகப் போட்ட அதே தையல் இருக்கிறது.

அதன் பிறகுதான் கதவுகளைக் கழற்றினேன். "எல்லாம் உருகி ஓடுதுண்ணே, கதவில்லாம கடை எப்படிண்ணே நடத்துறது?" என்று மேலாளர் தலையில் அடித்துக்கொண்டார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. மற்ற நாடுகளிலும் வாரம் ஐந்தாறு கடை திறக்கிறார்கள். அங்கே கதவருகே நிற்பவர்களுக்கு அவள் பேச்சு புரியாது.

இன்று மாலை கதவுகளைத் திரும்ப மாட்டப் போவதாக ஆய்வாளர் சொன்னார். மாட்டுகிறவர் "வெளியே" என்று அவள் சொல்லும்வரை காத்திருக்க வேண்டும். தானே சொல்லிவிடக் கூடாது.

வாசிக்கக் கேட்டேன். இதில் உள்ளது அத்தனையும் உண்மை. முன்பு சொன்னதே பொய்.

(ஒப்பம்)