ஒமீமி பிசின் ஒட்டுன பாறை

பனி கெட்டியாயிடுச்சு. பனிக்காலத்துலதான் நம்மகிட்ட கதை, இனி சொல்லலாம். கிட்ட வந்து உக்காருங்க.

ரொம்ப ரொம்ப காலத்துக்கு முன்னாடி, இந்தப் பெரிய ஆத்தங்கரையில, கோடை வந்தா நம்ம அல்கான்குவின் சனங்க ஒண்ணுகூடற ஒரு ஊர் இருந்துச்சாம். அங்க ஒமீமின்னு ஒருத்தி. ஆம்பளைங்க பிர்ச் மரப்பட்டையை உரிச்சு ஓடம் கட்டுவாங்க. பட்டையை வேரால தைக்கறதும், தையல் மேல பிசின் பூசறதும் பொம்பளைங்க வேலை. அதுல ஒமீமியை மிஞ்ச ஆளே இல்லையாம்.

அப்புறம் அவ கொழுந்தன் நிகிக், ஆத்தோட கீழ்ப்பக்கம் எதிர்க்கரையில இருந்து அனாங்னு ஒருத்தியைக் கட்டிக்கிட்டு வந்தான். வந்த வருசமே அவ ஒரு ஓடம் தச்சா. மாமியார்க்காரி தையலைத் தடவிப் பாத்துட்டுச் சொன்னாளாம்: "அடியே, தச்ச இடமே தெரியலியே!"

ஒமீமி பக்கத்துலயே நின்னா. சிரிச்சா. வயிறு எரிஞ்சுதாம்.

அதுக்கப்புறம் ஓடம்னா அனாங்தான். "அனாங்கிட்ட குடு, அனாங்கிட்ட குடு." ஒமீமிக்குச் சோறு இறங்கலை. அனாங் இருமினாலும் ஆகலை, பாடினாலும் ஆகலை. அவளுக்கு வயித்துல பிள்ளைன்னு தெரிஞ்சப்போ இன்னும் ஆகலை.

ஒருநாள் அனாங் தன் ஓடத்துக்குப் பிசின் காய்ச்சிக்கிட்டிருந்தா. பிசின்ல கொழுப்பு அளவாச் சேரணும். குறைஞ்சா, குளிர்ந்த தண்ணி பட்டதும் விரிசல் விட்டு வெடிச்சிரும். அவ விறகெடுக்கப் போன நேரம் பாத்து, ஒமீமி சட்டியில கொழுப்பு சேராத பச்சைப் பிசினை அள்ளிப் போட்டுக் கிளறிட்டாளாம். கொல்லணும்னு இல்ல. கரையோரம் ஓட்டிப் பாக்கறப்போ ஒழுகணும், எல்லாரும் சிரிக்கணும். அவ்வளவுதான் ஆசை.

மறுநாள் காலையில மாமியார் சொன்னா: "அனாங்கோட அம்மாவுக்கு முடியலையாம். விடியறதுக்குள்ள ரெண்டு பேரும் கிளம்பிட்டாங்க."

"எந்த ஓடத்துல?"

"புதுசுலதான்."

ஒமீமி ஓடினா. ஆறு அங்க மலையைச் சுத்திக்கிட்டுப் போகும், அதுக்குக் கீழ தண்ணி பாறையில மோதிக் கொந்தளிக்கும். இவ மலை மேல குறுக்கே ஓடினா. முள்ளு கிழிச்சுது, ஓடினா. செருப்பு கழண்டுச்சு, ஓடினா. அந்தப் பக்கம் இறங்கினா, நிகிக் ஆத்துக்குப் புகையிலை தூவிக் கும்பிட்டுட்டு, கொந்தளிப்புக்குள்ள ஓடத்தை விடப் போறான்!

"நிறுத்து! கரைக்கு வா!" கழுத்தளவு தண்ணியில இறங்கிட்டாளாம்.

ஓடம் கரை தட்டுச்சு. அதுக்குள்ள தையல் மேல பிசின் வெடிச்சு, உள்ள அனாங்கோட கணுக்கால் வரைக்கும் தண்ணி. "பிசின் ஏன் வெடிச்சுதுன்னு தெரியலையேக்கா," அப்படின்னா அவ.

பேசாம இருந்திருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது. ஆனா ஒமீமி சொன்னாளாம்: "நான்தான் கெடுத்தேன். உன் கையைப் பாத்து எனக்குப் பொறுக்கலை."

நிகிக் துடுப்பை ஓங்கிட்டான். "அண்ணியா நீ?"

அனாங் அவன் கையைப் பிடிச்சா. அழலை, திட்டலை. ஓடத்துல வச்சிருந்த பிசின் சட்டியையும் கொழுப்பையும் எடுத்துப் பாறை மேல வச்சா. "நீயே ஒட்டு. ஒட்டிட்டு எங்களோட ஏறி உக்காரு."

ஒமீமி அங்கேயே நெருப்பு மூட்டி, கொழுப்பு அளவாச் சேத்துக் காய்ச்சினா. அள்ளி அள்ளிப் பூசற அவசரத்துல பாறையெல்லாம் சிந்துச்சாம். தையல் தையலாப் பூசிட்டு முன்னாடி ஏறி உக்காந்தா. மூணு பேரும் கொந்தளிப்பைத் தாண்டிட்டாங்க. ஒரு சொட்டு உள்ள வரலை.

பொறாமை அதோட போச்சான்னு கேக்கறீங்களா? போகலையாம். சாகற வரைக்கும் அனாங் தையலைப் பாத்தா அவ முகம் சுருங்குமாம். நான் ஒமீமி வழியில வந்தவ, அதனால மறைக்காமச் சொல்றேன். அனாங்கும் அந்தக் கோடை முழுக்க அவகிட்ட முகம் குடுக்கலையாம்.

ஆனா அன்னையிலருந்து நம்மகிட்ட ஒரு வழக்கம். ஓடத்துக்குப் பிசின் பூசினவ யாரோ, அவதான் முதல் கொந்தளிப்புல முன்னாடி உக்காரணும். மலைக்குக் கீழ அந்தப் பாறையில கறுப்பாச் சொட்டுச் சொட்டா இருக்கும் பாருங்க, மழை கழுவலை, பனி கழுவலை. அது ஒமீமி கையில இருந்து சிந்தினது.