நின்னபடி எடுத்த அளவு

படுக்கிறேம்மா, படுக்கிறேன். இந்த கவுனோட நாடா பின்னால முடிச்சு விழுந்துடுச்சு. வேணாம், நீங்க வராதீங்க, நானே அவுத்துக்கறேன். தையக்காரிக்கு ஒரு முடிச்சு அவுக்க வராதா என்ன.

உங்க கோட்டு இடது தோள்ல ஒரு விரல் இறங்கியிருக்கு, பாத்தீங்களா? கழட்டிக் குடுங்க, நாளைக்கு வரும்போது சரி பண்ணிட்டு வரேன். சிரிக்காதீங்க. இருபத்தாறு வருஷமா இதான் வேலை. பழைய துணியப் பிரிச்சு, புடிச்சு, ஆல்டர் பண்ற கடை. வர்றவங்க யாரும் நான் குண்டாயிட்டேன்னு சொல்லமாட்டாங்க, துணி சுருங்கிடுச்சும்பாங்க. நானும் ஆமாம் சுருங்கித்தான் போச்சுன்னு சொல்லி, பிரிச்சு விடுவேன். டேப்பு சும்மா பேருக்குக் கழுத்துல தொங்கும். எல்லாம் கண்ணளவுதான். அந்தத் திமிரு எனக்கு உண்டு.

தெரியுதும்மா, இந்த மெஷினுக்காக வெளிய இன்னும் மூணு பேரு காத்துக்கிட்டிருக்காங்க. ரெண்டே நிமிஷம்.

டாக்டரம்மா மொதல்ல எவ்ளோ லேசா சொன்னாங்க தெரியுமா? படத்துல உப்பத் தூவின மாதிரி பொடிப்பொடியா தெரியுது, புத்துநோய்தான், ஆனா பால் குழாய்க்குள்ளயே இருக்கு, அதத் தாண்டி வெளிய வரல, மார எடுக்க வேணாம், அந்த இடத்த மட்டும் எடுத்துட்டுக் கதிர்வீச்சு குடுத்தாப் போதும்னாங்க. எனக்குப் புரிஞ்சுது. துணியில கறை பட்டா கறைய மட்டுமா வெட்டுவோம்? சுத்தி நல்ல துணியும் கொஞ்சம் சேத்துத்தான. அப்படித்தான் வெட்டுனாங்க. பத்து நாள் கழிச்சுக் கூப்பிட்டு, வெட்டுன துண்டுல ஒரு ஓரத்துல நல்ல சதை பத்தல, இன்னும் கொஞ்சம் எடுக்கணும்னாங்க. மறுபடி படுத்தேன். எங்க வீட்டுக்காரர் வேன் ஓட்டுறவரு, வாயத் தொறக்காத மனுஷன். அன்னைக்குப் பாத்து, இவங்களும் உன்னய மாதிரியே பிரிச்சுப் பிரிச்சுத் தைக்கிறாங்களேன்னாரு. சிரிச்சேன். தையல் சுரீர்னுது.

ரெண்டாந்தரம் ஓரம் சுத்தமா வந்துடுச்சு. இனிமே வெட்டு இல்ல, உள்ள ஏதாவது ஒளிஞ்சிருந்தா திரும்பி வராம இருக்கறதுக்குத்தான் கதிர், பதினஞ்சு தடவைன்னாங்க. இதே மாதிரி படுக்கவெச்சு, கையத் தலைக்கு மேல தூக்கவெச்சு, கதிர் எங்க விழணும்னு ஊதா மையில மூணு கூட்டல் குறி போட்டாங்க, இன்னைக்கு லீவுன்னீங்களே, அந்தப் பொண்ணு. தேய்க்காதீங்க, அழிஞ்சா வந்து சொல்லுங்க, நாங்கதான் திருப்பிப் போடணும்னு ரெண்டு தடவை சொன்னாங்க. அவங்க மேல ஒரு தப்பும் இல்லம்மா. அத எழுதிக்குங்க.

எங்க கடையில துணி போட்டுப் பாக்கற ரூம்பு ஒண்ணு இருக்கு, ஆளுயரக் கண்ணாடி. கதிர் ஆரம்பிக்கறதுக்கு முந்தின நாள் மத்தியானம், யாருமில்லாத நேரம், உள்ள போயி சட்டையத் தொறந்து பாத்தேன். நாங்க எதுலம்மா குறி போடுவோம்? வெட்டப்போறதுலதான். குறியக் கண்டா என் கை தன்னால கத்திரியத் தேடும். மூணாந்தரம் வெட்டப்போறாங்க, என்கிட்ட மறைக்கறாங்கன்னே நெனச்சுட்டேன். ஈரத்துணியும் சோப்பும் எடுத்துத் தோலு செவக்கச் செவக்கத் தேச்சுட்டேன். எல்லாம் போனப்புறம்தான் புத்தி வந்துச்சு.

ஃபோன் பண்ணியிருக்கலாம். என்னன்னு சொல்றது? சின்னப் புள்ள மாதிரி பயந்து அழிச்சுட்டேன்னா? நாளத் தள்ளி வெச்சுட்டா? எவ்ளோ நாள் தள்ளுனா அது கெளம்பும்னு யாருக்குத் தெரியும்?

மேஜையில துணிக்குக் குறி போடற பேனா இருந்துச்சு. அதுவும் ஊதாதான்.

ஆமாம்மா. நாலு நாளும் நான் போட்ட குறிமேலதான் கதிர் விழுந்துச்சு. அந்தப் பொண்ணுகூட ரெண்டாம் நாள், மை இவ்ளோ அழுத்தமா இருக்கேன்னாங்க. நான் அவங்க காலரப் பத்திப் பேசிப் பேச்ச மாத்திட்டேன்.

சரியாத்தான் போட்டேன்னு இருந்தேன். நேத்து ஒரு அம்மா, நான் தச்ச பேண்ட்டப் போட்டுப் பாத்தாங்க. நின்னா கச்சிதம். உக்காந்தாங்க, ரெண்டு விரல் மேல ஏறிடுச்சு. நின்னபடி எடுத்த அளவு உக்காந்தா மாறும், அது எனக்குத் தெரியாதா? வாயில குண்டூசியோட அப்படியே தரையில உக்காந்துட்டேன். ஏன்னா நான் கண்ணாடி முன்னால நின்னுக்கிட்டு, கையத் தொங்கப் போட்டுக்கிட்டுல்ல குறி போட்டேன்.

இடது பக்கம்மா இது. இதுக்கு அடியிலதான இருதயம் இருக்கு.

இருங்க, டாக்டரம்மாவ அப்புறம் கூப்பிடலாம். மொதல்ல நீங்க பாருங்க. இதோ படுத்துட்டேன், கையத் தூக்கிட்டேன். சொல்லுங்க, இப்ப எங்க நிக்குது என் குறி?