வெள்ளிக் கிண்ணங்களுக்குக் காவல் இருந்தவன்

மாசற்ற மனத்தோடு இம்மன்றத்திற்குத் தலைமை தாங்கும் ஆயர் ஐயா அவர்களே! ஆலயத்துக்கு வெள்ளிக் கிண்ணங்களை வாரி வழங்கிய வள்ளல் பெருமக்களே! முன்வரிசையில் முதுமையோடும் முணுமுணுப்போடும் வீற்றிருக்கும் மூத்தோரே! பிள்ளைகளுக்காகப் பிரார்த்தித்துப் பிரார்த்தித்தே முழங்கால் தேய்ந்துபோன தாய்மார்களே! உங்கள் அனைவருக்கும் இந்தப் பூட்டுக்கடைக்காரனின் பணிவான வணக்கம்.

ஐந்தாண்டுகளாக இவ்வாலயத்தில் ஓர் ஊசிகூடக் களவு போகவில்லையாம். அதற்காக எனக்கு இன்று பாராட்டுப் பத்திரமாம். கைதட்டுகிறீர்கள். பொறுங்கள் ஐயா, நான் முடித்த பிறகும் மனம் வந்தால் தட்டுங்கள்.

முன்பு இங்கே என்ன இருந்தது? ஆட்டம் காணும் பெஞ்சுகள் இருந்தன. நசுங்கிய அலுமினியக் கிண்ணம் ஒன்று இருந்தது. கதவுக்குத் தாழ்ப்பாள்கூடக் கிடையாது. காய்கறிப் பையோடு வருவாள் ஒருத்தி. கண்ணீரோடு வருவான் ஒருவன். காலையிலும் வருவார்கள், கடும்பகலிலும் வருவார்கள். பிறகு வெள்ளி வந்தது. பளிங்கு வந்தது. பின்னாலேயே பயம் வந்தது. பயம் வந்ததும் நான் வந்தேன்! சிரிக்கிறீர்கள். நானும் அன்று சிரித்துக்கொண்டேதான் வந்தேன்.

கம்பிக் கதவு போட்டேன். ஏழு லீவர் பூட்டு போட்டேன். வாசலில் கேமரா வைத்தேன். கடையில் இருந்தபடியே என் போனில் வாசலைப் பார்க்கலாம். நான் பேசினால் அங்கே ஒலிபெருக்கியில் கேட்கும்.

சென்ற ஆண்டு ஒருநாள், நண்பகல். கடையில் ஒரு வாடிக்கையாளருக்குப் பூட்டு காட்டிக்கொண்டிருந்தேன். போன் அலறியது. பார்த்தால், தொப்பி போட்ட ஒருவன் முதுகைக் காட்டிக்கொண்டு கம்பிக் கதவைப் பிடித்து உலுக்குகிறான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. "பாருங்க சார், இங்கேருந்தே விரட்டுறேன்" என்று வாடிக்கையாளரிடம் சொல்லிவிட்டுக் கத்தினேன்: "யார்றா அது? கையை எடு! போடா வெளியே!"

அவன் கையை எடுத்தான். தலையை ஒருமுறை கம்பியில் சாய்த்தான். போய்விட்டான். வாடிக்கையாளர் இரண்டு பூட்டு வாங்கிக்கொண்டு போனார்.

யார் அவன்? எந்த ஊர்த் திருடன்? சொல்கிறேன். அவன் என் உடன்பிறந்த தம்பி. லாரி ஓட்டுகிறவன். அந்த நேரத்தில் அவன் மனைவி, இரண்டு தெரு தள்ளியிருக்கும் ஆஸ்பத்திரியில், ஆபரேஷன் மேசையில் கிடந்தாள். வெளியே நிற்கப் பொறுக்காமல், சிறுவயதில் இருந்து தெரிந்த ஒரே இடத்துக்கு ஓடி வந்திருக்கிறான். அன்று சாயங்காலமே அவள் போய்விட்டாள்.

அடக்கம் முடிந்து அவன் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்திருந்தோம். அவன்தான் சொன்னான்.

"அண்ணே, அன்னைக்குக் கோயிலுக்குப் போனேன். உள்ளேருந்து போடான்னு ஒரு குரல் கேட்டுச்சு."

"டேய், அது நான்டா! நீன்னு தெரியாமப் பேசிட்டேன்டா!"

"தெரியும்ணே. உன் குரல் எனக்குத் தெரியாதா? ஆனா அது கோயில்லேருந்து வந்துச்சே. அதை நான் என்ன பண்ணுறது?"

தாய்மார்களே, இதற்கு உங்களிடம் பதில் உண்டா? பெரியோர்களே, உங்களிடம் உண்டா? ஐயா, உங்களிடமாவது உண்டா? என்னிடம் இல்லை! ஓராண்டாகத் தேடுகிறேன், இல்லை!

அவன் மகளுக்கு ஆறு வயது. சாப்பாட்டுக்கு முன் கைகுவித்துக் கண்ணை மூடுகிறாள். பிறகு அரைக்கண்ணைத் திறந்து அப்பாவைப் பார்க்கிறாள். அவன் சாப்பிட ஆரம்பித்திருப்பான். அவளும் கையைப் பிரித்துவிடுகிறாள். நான் எதிரே உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே சோற்றை விழுங்குகிறேன். களவு போகவில்லையா? ஊசி போகவில்லை, உண்மைதான். ஒரு வீட்டின் விசுவாசம் போயிற்றே! இந்த ஆலயத்தின் ஒரே சொத்து அதுதானே! அதைத் துரத்தியவன் கையிலா பாராட்டுப் பத்திரம்? வேண்டாம் ஐயா. எழுந்து வராதீர்கள், நான் வாங்க மாட்டேன்.

இன்று என்னை இங்கே கொண்டுவந்து விட்டவன் அவன்தான். வெளியே லாரியில் இருக்கிறான். "உள்ளே வாடா, தொறந்திருக்கு" என்றேன். "விழா நடக்குதுல்ல, இன்னைக்குத் தொறந்துதான் இருக்கும்" என்றான். நான் மட்டும் இறங்கி உள்ளே வந்தேன்.

இதோ சாவிக்கொத்து. மேசைமேல் வைத்துவிட்டேன். பூட்டைக் காலையிலேயே கழற்றிவிட்டேன். வெள்ளி போனால் போகட்டும்! பளிங்கு பெயர்ந்தால் பெயரட்டும்! பகலெல்லாம் அந்தக் கதவு திறந்து கிடக்கட்டும்! திறந்துவிட்டால் என் தம்பி வந்துவிடுவானா? வருவான் என்று இந்த மேடையில் நின்று பொய் சொல்ல மாட்டேன். அடுத்து ஓடி வருகிற ஒருவனுக்காவது என் குரல் கேட்காமல் இருக்கட்டும்.

பொறுமையோடு கேட்டீர்கள், நன்றி. உள்ளே அமர்ந்திருக்கும் உங்களுக்கும், வெளியே லாரியில் காத்திருக்கும் அவனுக்கும் வணக்கம்.