காவ்யாவின் இரண்டாவது ஆபரேஷன்

எங்கள் வீட்டில் காலையில் நான்தான் முதலில் எழுந்திருப்பேன், இன்ஸ்பெக்டர் மேடம். பருத்திப்பட்டு ஏரியை ஒரு சுற்று நடந்துவிட்டு வந்து, காவ்யாவுக்குக் கேழ்வரகு மால்ட் கலக்கிக் கொடுப்பேன். மனைவிக்கு இதையெல்லாம் செய்கிறவர்கள் எங்கள் பிளாக்கில் வேறு யாரும் இல்லை.

கல்யாணமான புதிதிலிருந்தே மாதவிலக்கு என்றால் அவளுக்குச் சித்திரவதை. தரையில் சுருண்டு கிடப்பாள். அவள் வயிற்றில் வெந்நீர்ப் பையை வைத்துப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். என் கையை விடவே மாட்டாள். எண்டோமெட்ரியோசிஸ் என்றார் டாக்டர். கர்ப்பப்பைக்குள் வளர வேண்டிய சவ்வு வெளியே வளர்ந்து, சினைப்பையில் கட்டியாகி, எல்லாவற்றையும் ஒட்டவைத்திருக்கிறதாம். குழந்தை தங்காததும் அதனால்தானாம். லேப்ராஸ்கோப்பி செய்து கட்டியை எடுத்தார்கள்.

"இனிமே வர்ற சில மாசம்தான் நல்ல சான்ஸ், விட்டுடாதீங்க" என்றார் டாக்டர்.

காவ்யா ஆளே மாறிவிட்டாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போனாள். ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொண்டாள். பிள்ளைக்குப் பெயர் தேடினாள். நான் வீட்டுக்குள் வருவதும் போவதும் அவள் கண்ணில் படுவதே இல்லை.

ஒவ்வொரு மாதமும் அவளுடைய தேதி நெருங்கினால் என்னால் உட்கார முடியாது. ஏரியைச் சுற்றிக்கொண்டே இருப்பேன். ஆபீஸில் ஒரு வேலையிலும் மனம் நிற்காது. ஒரு நாள் பாத்ரூமிலிருந்து அழுதுகொண்டே வெளியே வருவாள். அப்போதுதான் எனக்கு மூச்சு வரும். தோளில் சாய்த்துக்கொள்வேன்.

அந்த ஆபரேஷனுக்குப் பிறகு தினமும் அவளுடைய மால்ட்டில் நான் பொடித்துக் கலந்தது கருத்தடை மாத்திரைதான். இந்த நோயின் வலிக்கும் அதையே கொடுப்பதுண்டு என்று படித்திருக்கிறேன். அவளுக்கு வலி வரவே இல்லை. நல்லதுதானே.

வலி இல்லாமலும் கரு தங்கவில்லையே என்று டாக்டர் குழம்பினார். மறுபடி ஒட்டியிருக்கலாம், இன்னொரு ஆபரேஷன் செய்து பார்க்கலாம் என்றார். அது தேவையில்லை என்று எனக்குத் தெரியும். கையெழுத்துப் போட்டேன். உள்ளே ரத்தம் நிற்காமல் போய், இடது சினைப்பையை எடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்த பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்கினாள்.

அவளைப் பார்த்துக்கொள்ள நெமிலிச்சேரியிலிருந்து மாமியார் நாகம்மா வந்திருந்தார். என் ஹெல்மெட்டைத் துடைக்கப் போனவர் உள்ளே செருகியிருந்த மாத்திரை அட்டையைப் பார்த்திருக்கிறார். மருந்துக்கடையில் காட்டிவிட்டு வந்து என் முன்னால் நின்றார்.

"இன்னா மாப்ள இது? புள்ள தங்காம இருக்கறதுக்குத் துன்ற மாத்தரன்னு கடக்காரன் சொல்றான். எம்பொண்ணு புள்ள புள்ளன்னு ஏங்கிகினு கீறா. உங்க ஹெல்மெட்ல இது எதுக்குக் கீது?"

சொன்னேன். எதையும் மறைக்கவில்லை. கட்டிலில் படுத்தபடியே காவ்யாவும் கேட்டுக்கொண்டிருந்தாள். அழவில்லை.

"புள்ள வேணாம்னா எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?" என்றாள்.

நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கு முன் அவள் ஒரு நாளும் கேட்டதில்லை, மேடம். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அவளிடம் நான் பொய் சொன்னதே கிடையாது.