பூங்காவுக்குக் கொஞ்சம் மணல்

“பார்க்கு ஃபவுண்டனுக்குத் தண்ணியே விடக்கூடாதுன்னு கமிட்டில ஒத்தக்கால்ல நின்னுட்டேன்டி.”

அருப்புக்கோட்டையில் பஸ் கிளம்பியதும் முன் சீட்டு அம்மா இப்படிச் சொன்னார். மழைக்கு வானம் பார்க்கிற சீமையில் தண்ணீர் வேண்டாம் என்கிறாரே என்று காதைத் தீட்டிக்கொண்டேன். அவர் பக்கத்தில் இருந்தவர் பள்ளிக்கூடத் தோழி போலிருக்கிறது.

“கிறுக்கா ஒனக்கு? அதுக்குத்தான ஃபண்டே வந்திருக்கு?”

“வரட்டும். அந்தத் தொட்டி என்னைக்குடி நனைஞ்சுச்சு? காஞ்சு கெடந்ததாலதான நாம பள்ளிக்கூடம் விட்டதும் அதுக்குள்ள எறங்கி, மணலக் குவிச்சு கிச்சுக்கிச்சுத் தாம்பாளம் ஆடுனோம்?”

“மணலுக்குள்ள குச்சிய ஒளிச்சு வச்சு நீதான் கள்ளாட்டம் ஆடுவ.”

“இப்பவும் பிள்ளைக அதுலதான் ஆடுதுக. மணலு போயி வெறுஞ்சிமிண்டு. முழங்காலெல்லாம் தேயுது.”

“கமிட்டில என்ன சொன்னாக?”

“ஃபவுண்டன விட்டுட்டு நடைபாதை போடுறாக. மணலுக்கு ஃபண்டுல எடமில்லையாம். குடுக்குற ஆளப் பாத்துட்டு வாங்கன்னுட்டாக.”

பாலவனத்தத்தில் இறங்க எழுந்த தோழி, கம்பியைப் பிடித்தபடி திரும்பினார்.

“எங்க வாசல்ல வீடு கட்டுன மணலு மிச்சம் கெடக்கு. ஆள விட்டு அள்ளிக்க. ஆனா மொத ஆட்டம் நமக்குத்தான். குச்சிய இந்தத் தடவ நாந்தான் ஒளிப்பேன்.”