கலாவின் தாயத்து

சிவராஜ்: பாத்தியா... வாசல்லேர்ந்து ஜன்னல் வரைக்கும் நடந்துட்டேன். பிடிமானமே இல்லாம.

பவானி: சுவத்தைப் பிடிச்சீங்க.

சிவராஜ்: சும்மா தொட்டேன். நம்ம வீட்டுச் சுவரு, தொடக்கூடாதா?

பவானி: தொடுங்க, தொடுங்க. நாளைக்குக் காலையில டாக்சி வந்துரும். நாலு மாடி இறங்கி வந்து என்னை ஏத்தி விடுவீங்கள்ல?

சிவராஜ்: ஏர்போர்ட்டுக்கே வருவேன். ஆனா வீட்டுல ஒரு ஆள் வேணும்ல... பூட்டு வேற சரியில்ல.

பவானி: பூட்டு நல்லாத்தான் இருக்கு. கடைச் சாமானைக் கீழேர்ந்து இழுக்கற பால்கனிக் கயித்தை மாத்திட்டேன். கெட்டிக் கயிறு, பெரிய கிளிப்பு. கீழ சுண்டினா மணியும் நல்லா கேக்குது.

சிவராஜ்: எனக்கு எதுக்குக் கயிறு? நான்தான் இறங்கிப் போய் வாங்குவேனே.

பவானி: இருக்கட்டும்.

சிவராஜ்: நீ கலாவைப் பாரு புள்ள. பேங்காக்குல தலைப்பிரசவம். மாப்பிள்ளைக்குச் சுடுதண்ணி வைக்கக்கூடத் தெரியாது.

பவானி: அந்தத் தாமுவே பேட்டை டாக்டர்கிட்ட முட்டிக்கு ஊசி போட்டிருந்தா...

சிவராஜ்: போட்டிருந்தா நீ இங்கதான் உக்காந்திருக்கணும். ஒரு மாசத்துக்கு மேல பக்கத்துல ஆள் வேணும்னாரா இல்லையா? அப்பவும் சரியாகும்னு சத்தியம் பண்ண மாட்டேன்னாரு. பேச உக்காரும் முன்னாடி, ஊசி மருந்து வெச்ச ஐஸ் பெட்டிக்கு ஜெனரேட்டர் ஓடுதான்னு போய்ப் பாத்துட்டு வந்த மனுசன்.

பவானி: ஸ்டெம் செல்லாம். தொப்புள்கொடியிலேர்ந்து எடுக்கறாங்களாம். யாரு வீட்டுப் புள்ளையோட கொடியோ... ஜாதகம்கூடத் தெரியாது.

சிவராஜ்: முட்டிக்கு எதுக்கு ஜாதகம்? அதான் ஊசி இல்லாமலே சரியாயிருச்சே. ஞாயித்துக்கிழமை நானே இறங்கிப் போய்த் தெருக்கடையில மொஹிங்கா நூடுல்ஸ் வாங்கிட்டு வரல?

பவானி: சொன்னீங்க.

சிவராஜ்: அது கிடக்கட்டும். கலாவோட தாயத்து எங்க? பேரப்புள்ளைக்குக் கொண்டுபோகணும்னியே.

பவானி: பையில இருக்கு. அடியில.

சிவராஜ்: தொறக்காத.

பவானி: நான் எதுக்குத் தொறக்கப் போறேன்?

சிவராஜ்: அதான். கலா கொடி உள்ள இருக்கு. அப்படியே கட்டி விடு. பேரனோட கொடிக்கு வேற ஒண்ணு வாங்கிக்கலாம்.

பவானி: நானும் அதையேதான் நெனச்சேன்.

சிவராஜ்: நல்லது. டீயைக் குடு... ம், இன்னைக்குத் துவர்ப்பு இல்ல. போன வாரம் ஒரே துவர்ப்பு. குடிச்சதும் தலை கிர்ருனு சுத்தி, வேர்த்துக் கொட்டுச்சு.

பவானி: வேர்த்துச்சா? சொல்லவே இல்லையே! அப்ப வேலை செஞ்சிருக்கு...

சிவராஜ்: எது?

பவானி: ஒண்ணுமில்ல.

சிவராஜ்: பவானி...

பவானி: தாயத்தைத் தொறந்தேன்.

சிவராஜ்: தொறந்து?

பவானி: உள்ள இருந்ததை இடிச்சுப் பொடியாக்கி உங்க டீயில போட்டேன். ஊரான் புள்ளை கொடியை விட நம்ம புள்ளை கொடி உங்க உடம்புல ஒட்டும்னு தோணுச்சு. முறைக்காதீங்க. இடிக்கறப்போ அழுதுட்டேன்.

சிவராஜ்: இடிக்கக் கஷ்டமா இருந்துச்சா?

பவானி: கல்லு மாதிரி.

சிவராஜ்: இருக்கும். அது பாக்கு.

பவானி: என்னது?

சிவராஜ்: கொட்டப்பாக்கு. கலாவுக்குக் கொடி விழுந்ததும், இன்சீன் ஊர்த் தட்டான்கிட்ட குடுத்து அடைச்சிட்டு வான்னு அனுப்பினே. ரயில்ல போனேன். கொடிப் பொட்டலமும் வெத்திலைப் பொட்டலமும் ஒரே சட்டைப் பையில... வெத்திலையைப் போட்டுட்டு, வெறும் காகிதம்னு நெனச்சுக் கொடிப் பொட்டலத்தை ஜன்னல் வழியா வீசிட்டேன். இறங்கிப் பாத்தா மிச்சம் பாக்குதான். தட்டான் ஒண்ணும் கேக்கல. அடைச்சுக் குடுத்துட்டான்.

பவானி: அதுக்குத்தான் வெள்ளிக்கிழமை தவறாம குங்குமம் வெச்சேனா?

சிவராஜ்: பாத்தேன்.

பவானி: கலாவுக்குக் காச்ச வந்தப்பல்லாம் அதைத்தான் நெத்தியில வெச்சு வேண்டிக்கிட்டேன்.

சிவராஜ்: அதையும் பாத்தேன். காச்ச விட்டுச்சே...

பவானி: பேசாதீங்க.

சிவராஜ்: சரி.

பவானி: டீ டம்ளரைக் குடுங்க, கழுவணும்.

சிவராஜ்: பவானி... சொன்னதுதான் சொன்னேன், இதையும் சொல்லிடறேன். முட்டி சரியாகல. ஞாயித்துக்கிழமை நான் எங்கயும் இறங்கல. மொஹிங்கா கயித்துலதான் வந்துச்சு. பால்கனியில நாற்காலியில உக்காந்தபடியே கத்தினேன், இழுத்தேன். எனக்காக நீ போகாம இருந்துருவேன்னுதான்... பையைப் பிரிக்காத புள்ள.

பவானி: யாரு பிரிக்கறா?

சிவராஜ்: கோவமா?

பவானி: எதிர் வீட்டு ரோஸ்லின்கிட்ட ஒரு சாவி குடுத்திருக்கேன். ரெண்டு வேளையும் வந்து பாப்பா. அவகிட்டயும் நடந்து காட்டி விழுந்து வைக்காதீங்க.

சிவராஜ்: சாவியா? எப்பக் குடுத்தே?

பவானி: ஞாயித்துக்கிழமை. மார்க்கெட்டுலேர்ந்து வர்றேன், மேலேர்ந்து நம்ம கயிறு இறங்குது. கடைக்காரப் பொண்ணு கையில வேலை. பொட்டலத்தைக் கட்டி, கயித்தைச் சுண்டி விட்டதே நான்தாங்க. நீங்க குனிஞ்சுகூடப் பாக்கல. படியிலயே உக்காந்து அழுதேன். அப்புறம் மேல வந்து, நீங்களே இறங்கிப் போய் வாங்கினீங்களான்னு கேட்டேன். ஆமான்னு சொல்லிடணும் சாமின்னு வேண்டிக்கிட்டுத்தான் கேட்டேன்... எனக்கும் கலாகிட்ட போகணும்ல.