கால் ஒடிந்தாலும் சம்பளம்

சின்னமனூரில் எங்கள் கரிவாயு பஸ்ஸின் அடுப்புக்குக் கரி போட்டுக்கொண்டிருந்தார்கள். என் முன் சீட்டில் ஒருவர், தம் மகளுக்கு வரன் விசாரித்து வந்த மைத்துனரைத் துருவிக்கொண்டிருந்தார்.

“பையனுக்கு என்ன வேலை?”

“மேகமலை எஸ்டேட் டீமுல பந்து ஒதைக்கிறான், மச்சான். அதுக்குத்தான் சம்பளம்.”

“மழைக்காலத்துல?”

“அப்பவும் உண்டு. கால் ஒடிஞ்சு படுத்தாலும் மூணு வருசத்துக்குத் தருவோம்னு தொரைமாரு எழுதிக் குடுத்திருக்காக.”

பெண்ணின் தகப்பனார் தாடையைச் சொறிந்தார்.

“உழவுக்கு வாடகைக்கு ஓட்டிட்டுப் போன மாடு கால் ஒடிஞ்சா, ஓட்டிட்டுப் போனவன் கிரயத்தைக் குடுத்துட்டு மாட்டைத் தானே வச்சுக்கிடுவான்ல?”

“ஆமா, அதான வழக்கம்.”

“அப்ப இவனுக்குக் கால் ஒடிஞ்சா, பையன் எம் மகளுக்கா, தொரைக்கா?”

பஸ் உறுமிக் கிளம்பியது. மைத்துனர் முன்கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“அதை நான் கேக்கலயே, மச்சான்.”